கிளின்டனை யாரும் பதவி நீக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். போன தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு பிள்ளை, வகுப்பிலேயே நன்றாக எழுதக்கூடிய பிள்ளை, "அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் 1998 இல் குற்றப் பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார்" என்று எழுதியிருந்தாள். பிழை போட்டேன். அடுத்த வகுப்புக்கு அவள் கொப்பியைத் திறந்த கையோடு வந்து நின்றாள். மண்டூரில் இருந்து பாதை என்கிற மிதவைப் படகில் களப்பைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி வருகிற பிள்ளை, மாரி காலம், கொப்பியின் ஓரமெல்லாம் நனைந்து ஊதியிருந்தது. உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டு, பசை பூசி ஒட்டப்பட்டு, அதில் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு. "சேர், பேப்பரில இப்படித்தான் கிடக்கு." எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்று தெரியவில்லை, அந்த இடம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஆனால் வசனம் அவள் எழுதிய அதே வசனம், ஒரு சொல் மாறவில்லை.

அவள் வாசித்திருக்கிறாள், கத்தரித்து ஒட்டியிருக்கிறாள், பாடமாக்கியிருக்கிறாள். ஒரு மாணவி செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தபிறகும் பிழையாக எழுதினால் அந்தப் பிழை அவளுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 1998 டிசம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை கிளின்டன் மீது இரண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும். அதன்பின் விஷயம் மேல்சபையான செனற் சபைக்குப் போனது, அங்கே விசாரணை, பிரதம நீதியரசர் தலைமை, குற்றவாளி என்று தீர்க்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1999 பெப்ரவரியில் வாக்கெடுத்தபோது ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்றவர்கள் 45, இல்லை என்றவர்கள் 55. மற்றதில் சரிக்குச் சரி, 50க்கு 50. தேவைப்பட்டது 67. மனிதர் தன் முழுக் காலத்தையும் இருந்து முடித்து 2001 ஜனவரியில்தான் போனார்.

நான் இதைச் சொன்னதும் பின்வாங்கில் இருந்த ஒரு பையன், "அப்ப பிரதிநிதிகள் சபை செய்தது என்ன சேர்?" என்று கேட்டான். சரியான கேள்வி. மட்டக்களப்பு நீதிமன்றத்தில் ஒருவருக்குக் குற்றப்பத்திரம் கையளிக்கப்பட்டது என்றால் அவருக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று எந்த நிருபரும் எழுதமாட்டார். வழக்கு இனித்தான் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரதிநிதிகள் சபை செய்வது குற்றப்பத்திரம் கொடுக்கிற வேலை, தீர்ப்பு செனற்றிடம். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து நாங்கள் "குற்றப் பிரேரணை" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் எங்கள் நாட்டுப் பழக்கத்தில் வந்த சொல். இங்கே 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் மீதான பிரேரணை பாராளுமன்றத்தில் நிறைவேறியது, சில நாளில் அவருடைய பதவி போனது. அதைப் பார்த்த எங்களுக்குப் பிரேரணை நிறைவேறுவதும் பதவி போவதும் ஒன்றாகத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தோடு வாஷிங்டன் செய்தியை மொழிபெயர்த்தால் கிளின்டனும் பதவி இழந்துவிடுவார்.

இதுவரை எந்த அமெரிக்க ஜனாதிபதியும் இப்படி நீக்கப்பட்டதில்லை. 1868 இல் அன்ட்ரூ ஜோன்சன் ஒரே ஒரு வாக்கால் தப்பினார், 35க்கு 19, இன்னும் ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். டொனால்ட் ட்ரம்ப் மீது 2019 இலும் 2021 இலும் இரண்டு தடவை குற்றம் சாட்டப்பட்டது, இரண்டாவது தடவை 57 பேர் குற்றவாளி என்றும் போதவில்லை, அவர் 2024 இல் திரும்பவும் தேர்தலில் வென்றார். நிக்சனைப் பற்றியும் பிள்ளைகள் பிழையாகவே எழுதுகிறார்கள். 1974 ஓகஸ்டில் அவர் தானாகவே பதவி விலகினார், குற்றச்சாட்டுகள் மீது பிரதிநிதிகள் சபை முழுதாகக் கூடி வாக்களிக்கவே இல்லை. செனற் விசாரித்து உண்மையாக வீட்டுக்கு அனுப்பியது எட்டுப் பேரை, எட்டுப் பேரும் நீதிபதிகள்.

ஒரு சொல்லில் மட்டும் என்றால் நான் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். அன்றைக்கு அந்தத் துண்டைப் பார்த்தபிறகு என்னிடம் இருந்த டியூட் என்கிற பாடக்குறிப்புகளையும், வீட்டில் கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகளின் வெளிநாட்டுப் பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். அமெரிக்க ஆட்சி முறையின் அடிப்படைகளில் எங்கள் பிள்ளைகள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்களோ அங்கெல்லாம் ஒரு தமிழ்ச் சொல் காலுக்குக் குறுக்கே கிடக்கிறது.

"காங்கிரஸ்" என்பதையே எடுங்கள். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் காங்கிரஸ் என்றால் கட்சி. முஸ்லிம் காங்கிரஸ், தேசிய காங்கிரஸ், அந்தப் பக்கம் தமிழ்க் காங்கிரஸ். அம்பாறை மாவட்டத்தில் இருந்து வரும் பிள்ளைக்கு "காங்கிரஸில் ஜனாதிபதிக்கு எதிர்ப்பு" என்ற தலைப்பு எப்படிப் படும்? சொந்தக் கட்சிக்குள் சண்டை என்றுதான் படும். "அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ்" என்று இரண்டு சொல் கூட்டிப் போட்டால் போதும், இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தது "தேர்தல் கல்லூரி". இதை யார் முதலில் மொழிபெயர்த்தார்களோ, "இலெக்டோரல் கொலேஜ்" என்ற இங்கிலீஷ் சொல்லைப் பார்த்து மற்றப் பக்கம் திரும்பாமல் எழுதிவிட்டார்கள். ஒரு மாணவன் என்னிடம் உண்மையாகவே கேட்டான், அந்தக் கல்லூரி எந்த மாநிலத்தில் சேர் இருக்கு என்று. கட்டடமும் இல்லை, படிப்பும் இல்லை. அது ஜனாதிபதியைத் தெரிவுசெய்கிற ஆட்களின் கூட்டம், 538 பேர். அந்தக் கூட்டமும் ஒரு நாளும் ஓர் இடத்தில் கூடுவதில்லை. டிசம்பரில் அந்தந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் தங்கள் மாநிலத்திலேயே கூடி வாக்களித்துவிட்டுக் கலைந்து போவார்கள். 270 கிடைத்தவர் ஜனாதிபதி. ஒரு மாநிலத்துக்கு எத்தனை பேர் என்றால் அதன் பிரதிநிதிகள் எண்ணிக்கையோடு இரண்டு செனற்றர்களையும் கூட்டினால் வருவது. கலிபோர்னியாவுக்கு 54, ஆறு லட்சம் சனம் கூட இல்லாத வயோமிங்குக்கு 3. "தேர்வாளர் குழு" என்று எழுதினால் பாதிக் குழப்பம் அப்போதே தீரும்.

மற்றப் பாதியை நான் இப்படித்தான் விளங்கப்படுத்துகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஐந்து ஆசனம். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு மூன்று தொகுதியிலும் வாக்கெண்ணி முடிய, முதலாவதாக வந்த கட்சி இரண்டாவதை விட ஒரே ஒரு வாக்குத்தான் கூட எடுத்திருக்கிறது என்று வையுங்கள். எங்கள் விகிதாசார முறையில் ஆசனங்கள் பிரிந்து போகும். ஆனால் அந்த ஒரு வாக்குக்காக ஐந்து ஆசனத்தையும் முதல் கட்சிக்கே தூக்கிக் கொடுத்தால்? அமெரிக்காவின் 48 மாநிலங்களில் தேர்வாளர்கள் இப்படித்தான் போகிறார்கள், மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் வேறு விதம். 2000 ஆம் ஆண்டு புளோரிடாவில் ஜோர்ஜ் புஷ் கூட எடுத்தது 537 வாக்கு. 25 தேர்வாளர்களும் அவருக்குப் போனார்கள், நாடு முழுக்க அல் கோருக்கு அதிகம் வாக்குக் கிடைத்தும் புஷ் ஜனாதிபதி ஆனார். 2016 இலும் ஹிலாரி கிளின்டனுக்கு ட்ரம்பை விட 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்கு, தோற்றது ஹிலாரி. இங்கே ஜனாதிபதித் தேர்தலில் முழுத்தீவும் ஒரே தொகுதி, வாகரையில் போடுகிற வாக்குக்கும் கொழும்பில் போடுகிற வாக்குக்கும் ஒரே எடை. ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் விருப்பு வாக்கை எண்ணுவார்கள், 2024 செப்டெம்பரில் முதல்தடவையாக எண்ணியதை எல்லோரும் ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு மறக்கமாட்டாள்.

எனக்கு மிகவும் உறுத்துகிற சொல் "ஆளுநர்". கிழக்கு மாகாணத்தில் இருந்து கொண்டு இந்தச் சொல்லைக் கேட்கிற எவருக்கும் ஒரே படம்தான் வரும். கொழும்பில் இருந்து ஜனாதிபதி நியமிக்கிறவர், ஜனாதிபதி விரும்பினால் மாற்றுகிறவர். 2017 இல் எங்கள் மாகாண சபையின் காலம் முடிந்து, அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் நிர்வாகம் மட்டுமே நடந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இவர்களிடம் போய் "கலிபோர்னியா ஆளுநர் ஜனாதிபதியை எதிர்த்து வழக்குப் போட்டார்" என்றால் நம்பவே மாட்டார்கள், நியமித்தவரையே எதிர்க்கலாமா என்று கேட்பார்கள். அங்கே ஆளுநரை அந்த மாநிலத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் ஓர் ஆளுநரை ஒரு நாள் கூட வீட்டுக்கு அனுப்ப முடியாது. பாடசாலை, பொலிஸ், திருமணச் சட்டம், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். மத்திக்கு எழுதிக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791 இல் சேர்த்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. மன்னிப்பு அதிகாரம் கூட இரண்டாகப் பிரிந்தே இருக்கிறது, மாநிலச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவருக்கு ஜனாதிபதியால் மன்னிப்புக் கொடுக்க முடியாது.

சமஷ்டி என்ற சொல்லைப் பிறந்ததில் இருந்து கேட்டு வளர்கிறோம். மேடையில் கேட்கிறோம், சுவரொட்டியில் பார்க்கிறோம், வீட்டில் சாப்பாட்டு வேளையிலும் பேசுகிறோம். ஆனால் ஒரு சமஷ்டி நாட்டில் ஆளுநர் எப்படி வருகிறார் என்று கேட்டால் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கே தெரியவில்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. "மக்கள் தெரிவுசெய்த மாநில ஆளுநர்" என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் எழுதினால், மூன்று சொல்தான் கூடும், இந்த மாகாணத்தில் அதை வாசிக்கிறவர்களின் தலைக்குள் அந்த மூன்று சொல்லும் நிறைய வேலை செய்யும்.

"இராஜாங்கச் செயலாளர்" இன்னொன்று. இங்கே இராஜாங்க அமைச்சர் என்றால் அமைச்சரவைக்கு வெளியே உள்ள சின்ன அமைச்சர், செயலாளர் என்றால் அமைச்சின் அதிகாரி. இரண்டையும் ஒட்டினால் சின்ன அமைச்சருக்குக் கீழே வேலை பார்க்கும் அதிகாரி என்ற கருத்து வருகிறது. உண்மையில் அவர் அமெரிக்காவின் வெளிவிவகார அமைச்சருக்குச் சமமானவர், அமைச்சரவையில் முதலிடத்தில் இருப்பவர். அங்கே அமைச்சரவையில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எங்கள் நாட்டில் எம்.பி. ஆகாமல் அமைச்சராக முடியாது என்ற பழக்கத்தில் பிள்ளைகள் அதையும் மாற்றி எழுதுகிறார்கள்.

அந்தப் பதவியில் இருந்த ஒருவரை வைத்துத்தான் நீதிப் புனராய்வு, அதாவது ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்று நீதிமன்றம் பார்ப்பது, என்ற பாடமே நிற்கிறது. டியூட்டில் அது ஒரு வரி, "1803 மார்பரி எதிர் மடிசன் வழக்கு, ஜோன் மார்ஷல்". பிள்ளைகள் அந்த வரியை மந்திரம் மாதிரிச் சொல்வார்கள், என்ன நடந்தது என்று கேட்டால் மௌனம். ஆனால் எங்கள் ஊரில் விளங்காத கதை இல்லை இது. அரசாங்கம் மாறுகிற நேரம் நியமனக் கடிதத்துக்கு என்ன நடக்கும் என்று தெரியாத குடும்பம் இங்கே எத்தனை? 1801 மார்ச்சில் ஜோன் அடம்ஸ் பதவியை விட்டுப் போகிற கடைசி நேரத்தில் வில்லியம் மார்பரியைச் சமாதான நீதவானாக நியமிக்கிறார். ஆம், எங்கள் ஊர்களில் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்கிறோமே, அதே சமாதான நீதவான் என்ற பெயர்தான். கடிதத்தில் ஒப்பம் வைத்தாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று, ஆனால் ஆளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. புதிய ஜனாதிபதி ஜெபர்சன் வந்ததும் அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறார், அவருடைய வெளிவிவகாரச் செயலாளர் ஜேம்ஸ் மடிசன் கொடுக்கவில்லை. மார்பரி நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுக்கச் சொல்லிக் கட்டளையிடுங்கள் என்று கேட்கிறார். அங்கே பிரதம நீதியரசராக இருந்து வழக்கைக் கேட்டவர் ஜோன் மார்ஷல். அந்தக் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டிய முன்னைய வெளிவிவகாரச் செயலாளரும் அவர்தான்.

மார்ஷலின் தீர்ப்பு எப்படிப் போனது பாருங்கள். கடிதம் மார்பரிக்கு உரியதுதான் என்கிறார். ஆனால் இப்படி ஒரு வழக்கை நேரடியாக இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுவரலாம் என்று காங்கிரஸ் 1789 இல் ஆக்கிய சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே அது செல்லாது, என்னால் கட்டளையிட முடியாது என்கிறார். மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை. நீதிமன்றத்துக்கோ காங்கிரஸின் சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் அதிகாரம் கிடைத்துவிட்டது. அரசியலமைப்பில் எங்கே தேடினாலும் அந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை, அது இந்தத் தீர்ப்பால் வந்தது. இதைக் கதையாகச் சொன்ன அன்று தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் பிள்ளைகள் வாங்கை முன்னுக்கு இழுத்துப் போட்டுக் கேட்டார்கள். "மார்பரிக்கு மறுகா வேலை குடுத்தாங்களா சேர்?" என்றுகூட ஒருத்தி கவலைப்பட்டாள்.

அப்புறம் எங்கள் பக்கத்தைப் பார்த்தோம். எங்கள் அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி சட்டமூலம் நிறைவேறிச் சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால் அதன்பின் எந்த நீதிமன்றமும் அது செல்லுபடியாகுமா என்று கேட்க முடியாது. கேட்பதென்றால் சட்டமாகும் முன்னர், ஒழுங்குப்பத்திரத்தில் சேர்க்கப்பட்ட குறித்த நாட்களுக்குள் கேட்க வேண்டும். களப்புக்கு அந்தப்பக்கம் படுவான்கரையில் வயல் செய்கிற ஒருவருக்கு, தன் காணியைத் தொடுகிற சட்டமூலம் வந்திருக்கிறது என்று தெரியும்போது அந்த நாட்கள் போயிருக்கும். இந்த ஒப்பீடு பிள்ளைகளுக்கு விளங்கியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

கடைசியாக ஒரு வசனம், எல்லா டியூட்டிலும் உண்டு: "1978 அரசியலமைப்பு அமெரிக்க ஜனாதிபதி முறையைப் பின்பற்றியது." அப்படியே விட்டால் பெரிய பிழை. அமெரிக்க ஜனாதிபதியால் காங்கிரஸைக் கலைக்க முடியாது, எந்த நிலைமையிலும் முடியாது. பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல், உள்நாட்டு யுத்தம் நடந்த 1864 இல் கூட அதை நிறுத்தவில்லை. இங்கே 2018 நவம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதும், டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமித்து அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எந்தக் காலத்தில் கலைக்கலாம் என்பதுதான் அங்கே வழக்கு. அமெரிக்காவில் அந்த வழக்கே எழாது.

ஆசிரியர் ஐயா, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அமெரிக்கச் செய்தி போடும்போது மொழிபெயர்ப்பாளர் மேசையில் இந்த ஆறு ஏழு சொல்லையும் எழுதி ஒட்டி வையுங்கள். "பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது", "செனற் விடுவித்தது" என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கல்விப் பக்கத்தில் மாதிரி வினாத்தாள் போடுகிற இடத்தில் மாதத்துக்கு ஒருமுறை அமெரிக்க அரசியலமைப்பின் ஒரு பகுதியை நல்ல தமிழில் போடலாம். மூல ஆவணம் ஏறக்குறைய 4500 சொல்தான், ஏழு உறுப்புரைகள், அதன்பின் வந்த திருத்தங்கள் 27. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன், டியூட்டைப் பார்த்து டியூட் எழுதாமல் ஒரு தடவை அதை எடுத்து வாசியுங்கள். படுவான்கரையில் நூலகத்துக்கு நெடுந்தூரம் போக வேண்டிய ஊர்கள் நிறைய, அங்கே கடையில் சாமான் சுற்றி வருகிற பத்திரிகைத் துண்டும் பிள்ளைக்குப் புத்தகம்தான்.

அந்தத் துண்டின் போட்டோப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலம் அவளுடைய கொப்பியிலேயே இருக்கிறது, கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது பென்சிலால் "செனற் 45–55, போகவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறாள், பிரதியிலும் அது மங்கலாகத் தெரியும்.

இப்படிக்கு,
அரசறிவியல் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.